கோர் தெ கார்ட் மலையின் செம்பருத்தி

நேயர்களுக்கு வணக்கம்.

நம் மொரிஷியஸில் குளிர் விட்டுவிட்டது. செம்பருத்தியைக் கவாத்து செய்ய இதுதான் நேரம். பூ புதுத் தளிரில்தான் வரும். அதனால் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை இப்போது தயங்காமல் வெட்டிவிட்டால், தைப்பூசத்துக்குச் செடி நிறையப் பூ இருக்கும்.

வெட்டிய கிளையை வீணாக்க வேண்டாம். பென்சில் தடிமனில் ஒரு சாண் நீளக் குச்சியாக, கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்குங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே உள்ள இரண்டு மூன்று இலைகளையும் பாதியாகக் கத்தரித்து, மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வையுங்கள். இரண்டு மாதத்தில் வேர் பிடித்துவிடும். மேட்டுநிலத்தில் உள்ள கியூர்பிப் ஊர்ப் பக்கம் மழை அதிகம், தண்ணீர் தேங்கினால் குச்சி அழுகும். கடலோரத்தில் உப்புக்காற்று படாத மூலையாகப் பாருங்கள். மொட்டுக் காம்பில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. ஆரம்பத்திலேயே கவனித்தால் சோப்புத் தண்ணீர் போதும்.

சரி, இனி நம் மலைக்கு வருவோம்.

வீட்டில் நாம் வளர்ப்பது வெளியிலிருந்து வந்த செம்பருத்தி. மொரிஷியஸுக்கே உரிய சிவப்புச் செம்பருத்தி ஒன்று உண்டு, பெயர் மாந்திரினெத். இயற்கையாக அது வளர்வது லெ மோர்ன் மலையிலும் கோர் தெ கார்ட் மலையிலும் மட்டும்தான். நாம் காவடி சுமந்து முருகனைப் பார்க்கப் படியேறுகிறோமே, அதே கோர் தெ கார்ட்! செங்குத்தான சரிவுகளில் மிகச் சில செடிகளே மிஞ்சியிருக்கின்றன. சீனக் கொய்யா போன்ற வந்தேறிச் செடிகள் காட்டை மூடி நெருக்குவது ஒரு பக்கம். வீட்டுச் செம்பருத்தியின் மகரந்தம் அதோடு கலந்துவிடும் ஆபத்து இன்னொரு பக்கம். அப்படிக் கலந்தால் விதையில் முளைப்பது மாந்திரினெத்தாக இருக்காது.

இந்தக் குடும்பத்தில் கலப்பு எளிது. 1820 வாக்கில் சார்ல்ஸ் டெல்ஃபேர் என்ற தாவரவியலாளர் இதே தீவில், பக்கத்து ரொட்ரிக்ஸ் தீவின் செம்பருத்தியையும் தோட்டச் செம்பருத்தியையும் கலந்து புது வகைகளை உண்டாக்கினார். தோட்டத்தில் அது சந்தோஷம்தான். மலையில் நடந்தால் ஓர் இனமே போய்விடும்.

ஆகவே மலையடிவாரத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாகப் பூச்செடி வைக்க நினைத்தால் நந்தியாவட்டை வையுங்கள், அர்ச்சனைக்கும் ஆகும். கவாத்து செய்த கிளைகளை மலைச்சரிவில் கொட்டாதீர்கள், ஈரமண் பட்டால் தானாக வேர்விடும். அப்புறம், மாந்திரினெத்தை மலையில் பார்த்தால் கிளையை ஒடிக்காதீர்கள். வளர்க்க ஆசை என்றால் வனத்துறை நாற்றங்காலில் கேட்டுப் பாருங்கள்.