வாடும் செடியின் வேரிலிருந்து தொடங்கும் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம். தாவர நோயியலும், செடிகளைத் தாக்கும் நூல் போன்ற நுண்புழுக்களைப் பற்றிய நூற்புழுவியலும் பயிலும் ஆய்வு மாணவி என்ற முறையில், என் கல்வியைப் பற்றிப் பேசுமாறு நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கல்வி நம் மொரிஷியஸ் தீவின் காய்கறித் தோட்டங்களுக்கு எவ்வகையில் உதவும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ரெதுயியில் உள்ள மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் வேளாண்மையில் இளங்கலைப் பட்டம் பெற்றேன். பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ் ஆகியவற்றால் வரும் நோய்களை அங்கே கற்றேன். முதுகலைக்குக் கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றேன். அங்கே நூற்புழுவியலுக்கென்று தனித் துறையே உண்டு. அதுவரை இலையையும் தண்டையும் பார்த்து நோயை அறியப் பழகியிருந்த நான், செடியைப் பிடுங்கி வேரை முதலில் பார்க்கும் பழக்கத்தை அந்தத் துறையில்தான் பெற்றேன். இப்போது முனைவர் பட்ட ஆய்வுக்காக மீண்டும் ரெதுயியில் இருக்கிறேன்.

வேரை முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் நுழையும் பருவத்தில் அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. வேருக்குள் ஓரிடத்தில் நிலைத்துத் தன் உமிழ்நீரால் சில செல்களைப் பருக்கச் செய்து, அவற்றிலிருந்தே வாழ்நாள் முழுவதும் உணவை உறிஞ்சுகிறது. ஒரு பெண்புழு சில நூறு முட்டைகள் இடும். வெதுவெதுப்பான மண்ணில் ஒரு தலைமுறை ஏறத்தாழ 1 மாதத்தில் முடிந்துவிடும். குளிர்காலத்திலும் மண் உறையாத நம் தீவில் இந்தச் சுழற்சி ஆண்டு முழுவதும் நிற்பதில்லை. இந்தப் புழுவின் இனங்களுள் ஒன்றை, 1885இல் ஜாவாத் தீவில் கரும்பின் வேரிலிருந்துதான் மெல்கியோர் திரூப் விவரித்தார். மண்ணிலிருந்து புழுக்களைப் பிரித்தெடுக்க இன்றும் நாங்கள் பயன்படுத்தும் புனல் முறையும் ஜாவாவில் பிறந்ததே: மனிதக் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்களை மண்ணில் தேடிய மருத்துவர் பேர்மன் அதை 1917இல் வெளியிட்டார். நம் தீவிலும் 1950களின் பிற்பகுதியில் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜே. ஆர். வில்லியம்ஸ், கரும்பு வயல்களின் மண்ணில் வாழும் நூற்புழுக்களை வரிசையாக ஆராய்ந்து எழுதினார். இத்துறையில் நமக்கு இப்படி ஒரு முன்னோடி உண்டு என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும் என்பது என் பெருவிருப்பம்.

நோயியலையும் நூற்புழுவியலையும் ஏன் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமாவில் பருத்திச் செடிகளில் பூஞ்சையால் வரும் வாடல் நோயை ஆராய்ந்த அட்கின்சன், வேர்முடிச்சுப் புழு இருக்கும் நிலத்தில் அந்த நோய் கடுமையாவதை 1892இலேயே கவனித்தார். புழு திறக்கும் காயம் கிருமிக்கு வாசலாகிறது என்பது இதன் ஒரு பகுதிதான். புழு உண்டாக்கும் பருத்த செல்களில் ஊட்டம் குவிந்து, பூஞ்சை அங்கே செழிப்பதும் மறுபகுதி. ஆகவே தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு வாடும்போது, ஒரே காரணியைத் தேடி ஒரே மருந்தை வாங்கித் தெளிப்பது பெரும்பாலும் வீண்செலவாகவே முடிகிறது. பாக்டீரியா வாடலை ஐயுற்றால், அடித்தண்டைக் குறுக்கே வெட்டித் தெளிந்த நீர் உள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற நூலிழை இறங்கினால் ஐயம் உறுதியாகும். அதோடு நிறுத்திவிடாமல், அதே செடியின் வேரையும் கழுவிப் பாருங்கள்.

புழு நோயை எதிர்க்கும் தக்காளி வகைகளும் உண்டு. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து வந்த ஒரு மரபணு அவற்றைக் காக்கிறது. ஆனால் மண்ணின் வெப்பம் 28 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அந்தக் காப்பு தளர்ந்துவிடுகிறது. நம் கோடையில், குறிப்பாகக் கடலோரத் தாழ்நிலங்களில், இது சிறிய குறை அன்று. அதனால்தான் என் ஆய்வு ஒட்டுச்செடிகளைப் பற்றியது. நாம் வற்றல் போடும் சுண்டைக்காயின் செடி, வேர்முடிச்சுப் புழுவையும் பாக்டீரியா வாடலையும் பெருமளவு தாங்கக்கூடியது. அதன் வேரின்மேல் கத்தரியை ஒட்டி வளர்க்கலாம். கடும்வெயில் மாதங்களில், நம் எரிமலை மண்ணில், இந்த ஒட்டு எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது என்பதைத்தான் நான் அளந்து வருகிறேன்.

புழுக்களைக் கொல்ல மண்ணுக்குள் செலுத்தும் பழைய வேதிப்புகைகளின் காலம் முடிந்துவிட்டது. அவற்றுள் ஒன்று அதனைத் தயாரித்த ஆண் தொழிலாளர்களை மலடாக்கியது 1977இல் தெரியவந்தது. அந்த வழிக்குத் திரும்பக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பீன்ஸ், பயறு பயிரிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் வேரில் ஒட்டியிருக்கும் சிறு உருண்டைகள் விரலால் உரசினாலே உதிர்ந்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அவை தழைச்சத்தைத் தரும் நன்மையான முடிச்சுகள்; வேரே வீங்கி, உதிராமல் இருந்தால் அது புழுவின் வேலை. புழுவென்று ஐயம் எழுந்தால், முற்றும் காய்ந்த செடியின் அடியில் மண்ணை எடுக்காதீர்கள். உணவு தீர்ந்த அந்த இடத்தில் புழுக்கள் குறைந்திருக்கும். வாடத் தொடங்கியுள்ள செடிகளின் வேர்ப்பகுதியில், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில், பல இடங்களில் சிறிது சிறிதாக ஈரமண்ணை எடுத்து, பிளாஸ்டிக் பையில் வேர்த்துண்டுகளோடு கட்டி, வெயில் படாமல் அன்றோ மறுநாளோ ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.