கல் ஏன் எறியப்படவில்லை?

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியோர்களே, குல்லாவும் கம்பளியுமாக வந்து உட்கார்ந்திருக்கும் ஏற்காட்டு மக்களே, கடைசி பஸ்ஸை மறந்துவிட்டு மலையேறி வந்திருக்கும் சேலத்துக்காரர்களே, வணக்கம்.

வழிதவறிய மக்களைத் திருப்புவது கடவுளின் கண்டிப்பா, கைவிடாத அன்பா என்பது தலைப்பு. கண்டிப்பே என்று முழங்கிய எதிரணித் தலைவர் நம் மலைப்பாதையைச் சாட்சிக்கு இழுத்தார். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எச்சரிக்கைப் பலகையும் தடுப்புச் சுவரும் இல்லாவிட்டால் நாம் இங்கே வந்து சேர்ந்திருப்போமா என்று கேட்டார். சேர்ந்திருக்க மாட்டோம், ஐயா. ஆனால் பத்திரமாக மேலே வந்தவர்களைப் பற்றியா இன்றைய தலைப்பு? சுவரை இடித்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்து கிடப்பவனிடம் பலகையைக் காட்டி என்ன பயன்? யாராவது கயிற்றோடு இறங்க வேண்டும்.

இறங்கியவரைப் பற்றிச் சொல்கிறேன். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இஸ்ரவேலின் வடநாட்டில் ஓசியா என்றொரு தீர்க்கதரிசி இருந்தார். இரண்டாம் யெரொபெயாமின் காலம். பணம் புரண்டது. பலிகளுக்கும் குறைவில்லை, பக்கத்திலேயே பாகால் என்ற வேற்றுத் தெய்வத்துக்கும் தூபம் புகைந்தது. கள்ளத்தராசு பிடிக்கிறவன் என்று அந்த மக்களை ஓசியா ஏசுகிறார். அது எவ்வளவு பெரிய வசவு என்பது செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும்.

பைபிளில் உள்ள அவருடைய நூலின் 11ஆம் அதிகாரத்தில் கடவுள் ஒரு தகப்பனாக நின்று பேசுகிறார். எகிப்திலிருந்து மகனை அழைத்தேன், கைபிடித்து நடக்கப் பழக்கினேன், குனிந்து ஊட்டினேன், அழைக்க அழைக்க அவன் விலகியே போனான். கவனியுங்கள், கடல் பிளந்த கதையை அங்கே அவர் எடுக்கவே இல்லை. ஊரே வியந்த அற்புதத்தை விட்டுவிட்டு, பிள்ளை தத்தித் தத்தி நடந்ததைச் சொல்கிறார். சேலத்தில் கோட்டை மாரியை ஆத்தா என்று கூப்பிடாதவர் யார்? ஆனால் நமக்குக் காரியம் ஆகவேண்டிய வேளையில்தான் அந்த உறவு நம் வாயில் வருகிறது. இங்கே மக்கள் மறந்துபோன பிறகும் கடவுள் அந்த உறவைச் சொல்லி அழைக்கிறார்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். பைபிளின் சட்டநூலான உபாகமத்தின் 21ஆம் அதிகாரத்தின்படி, பெற்றோர் தண்டித்தும் அடங்காத மகனை அவர்களே ஊர்வாசலுக்குக் கொண்டுபோய் மூப்பர்களிடம் நிறுத்த வேண்டும். ஊரார் அவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும். வாதி வேறு யாருமல்ல, பெற்றவர்களே. ஓசியாவிலும் வாதி தகப்பன். மகனின் குற்றத்துக்குச் சாட்சியும் அவரே. கடவுளின் தண்டனையால் சோதோம் நகரத்தோடு அழிந்த அத்மா, செபோயீம் என்ற ஊர்களின் பெயரைக்கூட எடுத்துவிட்டார். தீர்ப்பு வரவேண்டிய அந்த இடத்தில், வடநாட்டு மக்களை எப்பிராயீம் என்று பெயர் சொல்லி, "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" என்று குரல் உடைகிறது. அதற்கு அவர் சொல்லும் காரணம், தாம் மனிதனல்ல, கடவுள் என்பது! நாமாக இருந்தால் எப்போதோ கைகழுவியிருப்போம், அவரால் முடியவில்லை.

மனுநீதிச் சோழன் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டானே என்றார் எதிரணித் தலைவர். செத்தது பசுவின் கன்று. ஆராய்ச்சி மணியை அடித்ததும் அந்தப் பசுதான். அதன் காயத்தை மன்னிக்கச் சோழனுக்கு உரிமை ஏது? ஓசியாவிலோ காயம்பட்டவரே நீதிபதி. (நடுவர் மணியடிக்கிறார். பசுவின் சார்பில் அல்ல என்று நம்புகிறேன்.)

தராசில் ஏமாந்த ஏழையின் காயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அசீரியப் பேரரசின் படை வந்தது, கி.மு. 722 வாக்கில் வடநாட்டின் தலைநகர் சமாரியா விழுந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கண்டிப்பு அந்த மக்களைத் திருப்பியதா? அதே வடநாட்டில், ஏறக்குறைய அதே காலத்தில் பேசிய ஆமோஸ் தீர்க்கதரிசியைக் கேளுங்கள். அவருடைய 4ஆம் அதிகாரத்தில் பஞ்சம் வருகிறது, மழை பொய்க்கிறது, பயிர் கருகுகிறது, கொள்ளைநோய் வருகிறது, நெருப்பிலிருந்து பிடுங்கிய கொள்ளியைப்போல் ஆகிறார்கள். அப்படியும் என்னிடம் திரும்பவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் கடவுளே சொல்கிறார், ஐந்து முறை! எதிரணியின் மருந்தை ஐந்து தடவை கொடுத்துப் பார்த்தாயிற்று. ஓசியாவோ அசீரியாவிலிருந்து புறாக்களைப்போல் அவர்கள் வருவார்கள், கடவுள் அவர்களைத் தங்கள் வீடுகளில் குடியேற்றுவார் என்கிறார். ஊர் விழுந்த பிறகும் வீட்டைப் பற்றிப் பேசுகிறவர் தகப்பனா, தண்டல்காரரா?

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி வைக்கிறேன். சட்டம் இருந்தது, குற்றம் இருந்தது, ஊர்வாசலும் கல்லும் இருந்தன. வாதியே வழக்கைப் பாதியில் நிறுத்தியது எந்தக் கண்டிப்பால்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் தம் உரையைத் தொடங்கட்டும், நடுவர் அவர்களே.