கசக்கியது யாருடைய ஓவியத்தை?

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

பழைய ஐரோப்பிய ஓவியங்களில் ஓரமாக நிற்கும் கறுப்பின மனிதர்களை இன்றைய கலைஞர்கள் நடுவே கொண்டுவருகிறார்களே, அது வரலாற்றை மீட்பதா, சிதைப்பதா? மீட்பதுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அம்மா கோபமாகவே கேட்டார்: "ஓவியத்தைக் கசக்கி மாட்டுவதெல்லாம் ஒரு கலையா?" அமெரிக்க ஓவியர் டைட்டஸ் காஃபர் 2016-ல் படைத்ததைத்தான் சொன்னார். அம்மா, அவர் கசக்கியது யாருடைய ஓவியத்தை? பழைய ஓவியம் ஒன்றைப் பார்த்து அவரே வரைந்த நகலை! மூல ஓவியத்தின் மேல் அவர் விரல்கூடப் படவில்லை.

அந்த மூல ஓவியம் என்ன தெரியுமா? நம்ம சென்னைக்கும் அதில் பங்கு உண்டு. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல், பிரபுக்கள் சூழ மேசையருகே அமர்ந்திருக்கிறார். இங்கே சேர்த்த செல்வத்தில் கொஞ்சம் கொடுத்ததற்கே 1718-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். ஓவியம் 1719 வாக்கில் வரையப்பட்டது. பின்னணியில் அந்த வீட்டுக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஓரத்தில், மது பரிமாற, ஒரு கறுப்பினச் சிறுவன். அவன் கழுத்தைப் பாருங்கள் நடுவர் அவர்களே. பூட்டுப் போட்ட உலோக வளையம்! பிரபுக்களின் பெயரையெல்லாம் தலைப்பில் வரிசையாக எழுதியவர்கள், இவனை வெறும் ஏவலாள் என்று குறித்தார்கள்.

காஃபர் என்ன செய்தார்? தன் நகலில் பிரபுக்கள் இருக்கும் ஓவியத்துணி முழுவதையும் கசக்கினார். சிறுவனின் முகத்தை மட்டும் கசங்காமல் விட்டு, அதற்குத் தங்கச் சட்டம் போட்டார். கழுத்து வளையத்தைக் கழற்றினார். இப்போது அவன் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறான். இதில் எது சிதைந்தது?

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஓவியர் பார்பரா வாக்கர் இன்னும் நுட்பமாகச் செய்கிறார். புகழ்பெற்ற பழைய ஓவியங்களின் வெள்ளைக்கார உருவங்களை மையே இல்லாமல் தாளில் புடைப்பாக மட்டும் பதிக்கிறார். கறுப்பினத்தவரைப் பென்சிலால் நுணுக்கமாக வரைகிறார். யாரையும் நீக்கவில்லை. நம் கண் முதலில் எங்கே போக வேண்டும் என்பதை மாற்றுகிறார், அவ்வளவுதான்.

"மூலத்தை மறைத்துவிடுவார்கள்" என்பது எதிரணியின் இன்னொரு அச்சம். நடந்ததைச் சொல்கிறேன். 2020-ல் யேல் பல்கலைக்கழக அருங்காட்சியகம் அந்தப் பழைய ஓவியத்தை இறக்கிவிட்டு, காஃபரின் ஓவியத்தை மாட்டியது. அந்த இடைவெளியில் ஆய்வாளர்கள் பழையதைப் புதிதாக ஆராய்ந்தார்கள். சிறுவனுக்குப் பத்து வயது இருக்கலாம் என்று கணித்தார்கள். மறு ஆண்டே மூல ஓவியம் சுவருக்குத் திரும்பியது. தலைப்பும் மாறியது: அடிமைப்படுத்தப்பட்ட ஒரு குழந்தை என்று இப்போது அதில் இருக்கிறது. பெயர் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் தேடுகிறார்களே! இத்தனை காலமும் அந்தக் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்கக்கூட ஆள் இல்லாமல் இருந்ததற்குப் பெயர்தான் சிதைப்பு என்கிறேன். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.