சொதிக்கு மென் பியரே

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கல்லடியில் இந்தப் பின்னேரம் கூடியிருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டு இராச் சாப்பாட்டோடு சேரும் பியர் மென்மையானதா, கடுமையானதா? இதுதான் தலைப்பு. மென்மையானதே என்று பேச வந்திருக்கிறேன். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்வது என் நோக்கமல்ல. 21 வயது தாண்டியவர், குடிக்கும் பழக்கம் உள்ளவர், சாப்பாட்டோடு எதைக் குடிக்கலாம் என்பதே என் பேச்சு.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "எங்கள் ஊர்க் கறியின் உறைப்புக்கு 8.8 வீத மதுசாரமுள்ள ஸ்ட்ரோங் பியர்தான் தாக்குப்பிடிக்கும்" என்றார். ஐயா, நீங்கள் மத்தியானக் கறியைக் கொண்டுவந்து இராச் சாப்பாட்டில் வைக்கிறீர்கள். மட்டக்களப்பில் எத்தனையோ வீடுகளில் இரவில் என்ன இருக்கும்? இடியப்பம், இல்லாவிட்டால் பிட்டு. பக்கத்தில் மீன் சொதி.

அந்தச் சொதியை எப்படி வைக்கிறார்கள்? வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் போட்டு, இரண்டாம் பாலில் மீனை அவிய விடுகிறார்கள். அப்புறம் முதற்பால். அது திரைந்து போகாமல் அகப்பையால் துழாவிக்கொண்டே நிற்க வேண்டும். ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். தேசிக்காய்ப் புளி அதற்குப் பிறகுதான். அடுப்பில் கொதிக்கும்போதே விட்டால் கைத்துவிடும். இத்தனை கவனமாகக் காப்பாற்றிய மீன் வாசத்தை ஒரு மிடறு கடும் பியர் அடித்துக்கொண்டு போகலாமா, நடுவர் அவர்களே?

4.8 வீத மதுசாரமுள்ள மென் பியரான லாகரை நன்றாகக் குளிர வைத்துக் குடித்துப் பாருங்கள். தேங்காய்ப் பாலின் நெய்ப்பு நாக்கில் படிந்திருக்கும். பியரின் வாயு அதைக் கழுவிவிடும். அடுத்த வாய் இடியப்பம் முதல் வாய் போலவே ருசிக்கும்.

சரி, உறைப்புக்கே வருவோம். சம்பல் உறைக்கத்தான் செய்யும். ஆனால் மிளகாயின் எரிவை நாக்குக்கு உணர்த்தும் அதே நரம்பு வாயிலைத்தான் மதுசாரமும் தூண்டுகிறது. மதுசாரம் கூடக்கூட எரிவும் கூடும். பியருக்குக் கைப்புக் கொடுக்கும் ஹொப்ஸ் பூவின் கைப்பு மிகுந்தாலும் அப்படித்தான் என்பார்கள். ஸ்ட்ரோங் பியர் உறைப்பைத் தணிக்காது, கிளறிவிடும். உறைப்புக்குப் பயந்தால் தயிரைத் தேடுங்கள்.

இரண்டாவதாகப் பேசிய சகோதரி, இங்கிலாந்தில் சிப்பியோடு, வறுத்த பார்லியில் செய்யும் கறுத்த ஸ்டவுட் பியர் குடிப்பதை எடுத்துக்காட்டினார். உண்மைதான், நல்ல சோடி அது. வறுத்த பார்லியின் கைப்பும் சிப்பியின் கடலுப்பும் ஒன்றையொன்று தாங்கும். எங்கள் இறைச்சிப் பிரட்டலுக்கும் ஸ்டவுட் பொருந்தும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரட்டல் இங்கே விவாதத்துக்கு வரவில்லை. பாலில் அவிந்த வெள்ளை மீனில் வறுத்த வாசம் ஏறினால், மீன் எங்கே போனது என்று தேட வேண்டியதுதான்.

லாகர் அலுத்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பெல்ஜியத்துக் கோதுமைப் பியரில் கொத்தமல்லி விதையும் தோடம்பழத் தோலும் சேர்க்கிறார்கள். கைப்பு குறைவு. தேசிப்புளி விட்ட சொதிக்கும், மிளகுத்தூள் போட்டு மெல்லப் பொரித்த கணவாய்க்கும் இதைவிட இணக்கமான பியர் எனக்குத் தெரியாது. எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசியாக, "ஸ்ட்ரோங் என்றால் கொடுத்த காசுக்குப் பலன்" என்றார்கள். 330 மில்லிலீற்றர் லாகரில் மதுசாரம் ஏறத்தாழ 12 கிராம். அதே அளவு ஸ்ட்ரோங்கில் ஏறத்தாழ 23 கிராம். அந்தக் கூடுதல் 11 கிராம் எந்தக் கறிக்கு ருசி கூட்டியது என்று எதிரணி இந்த மேடையிலேயே சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டு நடுவர் அவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.