தடுக்கப்பட்டது எந்த அஞ்சல்? வடிகட்டி அறிவிப்பில் மாறிகளைப் பயன்படுத்தும் முறை

[திரையில்: "உங்கள் மின்னஞ்சல் பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தடுக்கப்பட்டது."]

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்யும் கிராணிக்கு, மாதக் கடைசியில் இப்படி ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து அவர் தலைமையகத்துக்குச் சம்பளப் பட்டியல், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புப் பட்டியல், உரக் கணக்கு என்று வரிசையாக அனுப்பியிருக்கிறார். இவற்றில் எது நின்றது, எதனால் நின்றது என்று அறிவிப்பில் ஒரு சொல்கூட இல்லை. சம்பள நாளோ நெருங்குகிறது. பட்டியலைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். தடுத்ததன் பயன் அத்தோடு போயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குறை அந்த ஒற்றை வரியை எழுதியவரிடம்தான்.

[திரையில்: வடிகட்டியின் அமைப்புப் பக்கம்]

இப்படி அஞ்சலைத் தடுக்கும் மின்னஞ்சல் வடிகட்டிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நிபந்தனை, மற்றொன்று நடவடிக்கை. நடவடிக்கையில் நாம் எழுதும் வாசகத்துக்குள் மாறிகளை, அதாவது ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஏற்ப உண்மையான விவரமாக மாறும் சொற்களை, வைக்கலாம். சிஸ்கோவின் மின்னஞ்சல் பாதுகாப்புக் கருவியில் இவை டாலர் குறியோடு தொடங்கும். டாலர் குறி போட்டு 'சப்ஜெக்ட்' என்று எழுதினால், அறிவிப்பு புறப்படும் நேரத்தில் அந்த இடத்தில் அஞ்சலின் உண்மையான தலைப்பு வந்து அமரும். 'ஃபைல்நேம்ஸ்' என்றால் இணைப்புகளின் பெயர்கள். 'ஃபில்டர்நேம்' என்றால் எந்த வடிகட்டி பிடித்தது என்பது. 'எம்ஐடி' என்றால் கருவி அந்த அஞ்சலுக்குக் கொடுத்த எண். கிராணி தொலைபேசியில் அந்த எண்ணைச் சொன்னால் போதும், நிர்வாகி உடனே தேடி எடுத்துவிடலாம். அதனால் எந்த அறிவிப்பிலும் எம்ஐடியை விட்டுவிடாதீர்கள்.

[திரையில்: பட்டியலில் 'மேட்ச்டுகன்டென்ட்' மட்டும் சிவப்பில்]

இங்கே கொஞ்சம் நிற்போம். வடிகட்டியைத் தூண்டிய வாசகத்தை அப்படியே எடுத்துக் கொடுக்கும் மாறி இது. கேட்பதற்கு மிகவும் உதவியாகத் தோன்றும். ஆனால் நாம் தடுத்தது எதை? வேலையாட்களின் அடையாள அட்டை எண்களை. நம் நாட்டு எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. இந்த மாறியை அறிவிப்பில் வைத்தால், வெளியே போகக் கூடாது என்று நிறுத்திய அதே எண்கள் அறிவிப்பு வழியாகப் புறப்பட்டுவிடும். அறிவிப்பு மேலாளருக்கும் நகலாகப் போகிறது என்றால் இன்னும் ஓர் அஞ்சல்பெட்டியில் தங்கிவிடும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இதை அலட்சியமாக விட முடியாது. "அடையாள அட்டை எண்கள் இருந்ததால் நிறுத்தப்பட்டது" என்று கைப்படவே எழுதிவிடுங்கள். கிராணிக்கு அது போதும்.

[திரையில்: உள்ளே வரும் அஞ்சல்]

வெளியிலிருந்து வரும் அஞ்சலைத் தடுக்கும்போது சிக்கல் வேறு. தலைப்பை எழுதியவர் மோசடிக்காரராக இருக்கலாம். "கணக்கு முடங்கியது, இந்த முகவரிக்குச் செல்லவும்" என்று தலைப்பிலேயே ஓர் இணைய முகவரியை அவர் வைத்திருந்தால், 'சப்ஜெக்ட்' மாறி அதை நம் கணினிப் பிரிவின் பெயரில் வரும் அறிவிப்புக்குள் கொண்டுவந்து வைத்துவிடும். படிப்பவர் நம்பத்தானே செய்வார்? இணைப்புக் கோப்பின் பெயருக்கும் இதே கதிதான். பெறுநருக்குப் போகும் அறிவிப்பில் இந்த இரண்டையும் போடாமல், நேரத்தையும் எம்ஐடியையும் மட்டும் கொடுப்பதே என் விருப்பம். முழு விவரமும் நிர்வாகிக்குப் போகட்டும்.

அந்த நிர்வாகி அறிவிப்பில் அனுப்புநரை இரண்டு விதமாகக் கேளுங்கள். 'ஃப்ரம்' என்பது கடிதத் தாளில் எழுதிய பெயர். 'என்வலப்ஃப்ரம்' என்பது உறையின் மேல் எழுதிய முகவரி. உர வியாபாரியின் பெயரில் "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று வரும் அஞ்சலில் இவை இரண்டும் வேறுபட்டால் உடனே விழித்துக்கொள்ளலாம். உறை முகவரியையும் போலியாக எழுத முடியும் என்பதால் 'ரிமோட்ஐபி' மாறியையும் சேருங்கள். நம் கருவியோடு உண்மையில் தொடர்புகொண்ட கணினியின் முகவரி அது. ஒருவேளை பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் மாறிகளை ஆராய்ந்துகொண்டிருக்காமல் முதலில் 997 எண்ணை அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையம் அது.

தேதி மாறியிலும் கவனம் வேண்டும். அது மாதத்தை முதலில் போடும். 03/04 என்று வந்தால் நம் ஊரில் ஏப்ரல் 3 என்றுதான் படிப்பார்கள். அது சொல்வதோ மார்ச் 4. 'டைம்ஸ்டாம்ப்' மாறியைப் பயன்படுத்தினால் மாதம் பெயராகவே வரும்.

[திரையில்: "எம்ஐடி: 48213. அடையாள அட்டை எண்கள் இருந்ததால் இந்த அஞ்சல் நிறுத்தப்பட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். கணினிப் பிரிவை அழையுங்கள்."]

எழுதி முடித்ததும் 000000-00-0000 என்ற எண்ணை வைத்து உங்களுக்கே ஓர் அஞ்சல் அனுப்பிப் பாருங்கள். வரும் அறிவிப்பில் டாலர் குறி அப்படியே நின்றாலோ, இடம் வெறுமையாக இருந்தாலோ மாறியின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். கருவி இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.