எந்தச் சேனல் யாருடையது என்பது தெரிந்த கதைதான்

வணக்கம். வடசென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் ரொம்ப காலம் கேபிள் டிவி தொழில் பார்த்தவன் நான். பத்திரிகையாளன் இல்லை, எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை வாங்கியதில்லை. தேர்தல் நேரத்தில் டிவி செய்திகள் ஒருபக்கமாகச் சாய்கின்றனவா என்று இந்த வானொலியில் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாய்கின்றன. இதைச் சொல்ல நான் வந்திருக்கவே வேண்டாம், காசிமேட்டில் வலையைச் சரிபண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் எந்தச் சேனல் எந்தக் கட்சிக்கு என்று கடகடவென்று சொல்லிவிடுவார். அதனால் அதை நிரூபிக்கிற வேலையில் நான் இறங்கப்போவதில்லை. எனக்கு இருக்கிற கவலை வேறு, அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

சன் டிவி 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று தொடங்கியது. 1999இல் ஜெயா டிவி. 2006இல் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பக்கமிருந்து மக்கள் தொலைக்காட்சி. சன் டிவியை நடத்தும் மாறன் குடும்பத்துக்கும் கருணாநிதிக்கும் இடையே மனக்கசப்பு வந்த 2007இல் கலைஞர் டிவி. 2010இல் விஜயகாந்துக்குக் கேப்டன் டிவி. காங்கிரஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை, வசந்தகுமாருக்கு வசந்த் டிவி, தங்கபாலு பக்கம் மெகா டிவி. ஜெயலலிதா இறந்த பிறகு ஜெயா டிவி சசிகலா குடும்பத்தின் கையிலேயே இருந்துவிட்டது, ஆட்சியில் இருந்த அ.தி.மு.க.வுக்கே சேனல் இல்லை, 2018இல்தான் நியூஸ் ஜெ ஆரம்பித்தார்கள். நம் ஊரில் கட்சி ஆரம்பித்தால் முதலில் கொடி, அப்புறம் சின்னம், அப்புறம் சேனல் என்று ஆகிவிட்டது. கேபிள்காரனுக்கு இதெல்லாம் வியாபாரம், ஆனால் தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து வாக்கு எண்ணிக்கை வரை நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஏனென்றால் போன் வரும். "இன்னாண்ணே, நம்மாளு பேச ஆரம்பிச்சா மட்டும் படம் புட்டுக்குது?" பழைய அனலாக் காலத்தில் இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஒரே வயரில் எல்லாச் சேனலும் போகும், அதில் கீழ் வரிசை அலைவரிசையில் வைத்தால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும், மேல் வரிசைக்குத் தூக்கிவிட்டால் புள்ளிபுள்ளியாக மழை பெய்யும், பாதி வீட்டு டிவியில் அந்த எண் வரவே வராது. எந்தச் சேனல் எங்கே உட்கார வேண்டும் என்பதை எங்களைப் போன்ற தெருமுனை ஆபரேட்டர்கள் முடிவு செய்ததில்லை, மேலேயிருந்து வரும். அதுதான் முதல் சாய்வு என்பேன். செய்தி ஆசிரியர் என்ன எழுதினார் என்பதற்கு முன்பே, அவர் எழுதியது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அரசு கேபிள் நிறுவனம் 2007இல் கருணாநிதி ஆட்சியில் உருவானதற்கும், 2011இல் ஜெயலலிதா அதைத் தூசி தட்டி மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு என்று கொண்டுவந்ததற்கும் பின்னால் இந்தக் கணக்குதான் இருந்தது என்பதைத் தொழிலில் இருந்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். வயர் யார் கையில், அவர் கையில் மாலை நேரம். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு மழை நின்றது, ஆனால் முக்கியமான கூட்டம் நடக்கிற ராத்திரி ஒரு சேனல் காணாமல் போவது நிற்கவில்லை, எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் நடந்தது.

சரி, இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ராத்திரி எட்டு மணி விவாதம் முடிந்ததும் இரண்டு கட்சிக்காரர்களும் கூப்பிடுவார்கள், ஒரே நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு. இவர் சொல்வார், நெறியாளர் எங்கள் ஆளைப் பேசவே விடவில்லை என்று. அவரும் அதையேதான் சொல்வார், தன் ஆளைப் பற்றி. இது வடசென்னைக்காரன் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பிறகுதான் இதைப் பற்றி ஆராய்ச்சியே நடந்திருக்கிறது என்று படித்தேன். 1982இல் பெய்ரூட்டில் அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய டிவி செய்திகளை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள், இஸ்ரேல் ஆதரவு மாணவர்களும் அரபு ஆதரவு மாணவர்களும் அதே துண்டுகளைத்தான் பார்த்தார்கள், இரண்டு தரப்பும் இது எங்களுக்கு எதிரான செய்தி என்று எழுதிக் கொடுத்தார்கள். 1985இல் வெளியான ஆய்வு அது. ஆக, கோபம் வந்துவிட்டது என்பதாலேயே செய்தி கோணல் என்று ஆகிவிடாது. அதே நேரம், இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள், அதனால் நாங்கள் நடுவில் நிற்கிறோம் என்று சில சேனல்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள் பாருங்கள், அதுவும் செல்லாது. இரண்டு பேரும் திட்டுகிற அளவுக்கு மோசமாகவும் ஒரு நிகழ்ச்சி இருக்கலாமே.

நிஜமான கோணல் எப்படி இருக்கும் என்பதை நாம் 2001 ஜூன் 30 அன்று பார்த்தோம். விடியற்காலையில் கருணாநிதியைக் கைது செய்து இழுத்துப்போன காட்சியை சன் டிவி திரும்பத் திரும்பப் போட்டது. அப்புறம் ஜெயா டிவி வேறொரு காட்சித்தொகுப்பை எடுத்துவந்து போலீஸ் பக்கக் கதையைக் காட்டியது. அதே ராத்திரி, அதே வீடு, அதே மனிதர்கள். எங்கள் தெருவில் டிவி அணையவே இல்லை, ரிமோட்டை வைத்துக்கொண்டு இங்கேயும் அங்கேயும் மாற்றிமாற்றிப் பார்த்தார்கள். இரண்டையும் பார்த்ததால் ஜனங்களுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இன்னும் சொன்னால் கொஞ்சம் தெளிவுதான் கிடைத்தது. கட்சி சேனலுக்கு இருக்கிற ஒரே நல்ல குணம் இதுதான், முகவரியோடு வரும். அந்தக் காட்சிகளில் யார் கை எங்கே இருந்தது என்று டீக்கடையில் விவாதித்தவர்கள் எல்லாருக்கும் இதை எடுத்தவர் யார், வெட்டியவர் யார் என்று தெரியும்.

கட்சி சேனல் தேர்தலை ஜெயித்துக் கொடுக்குமா என்றால், கொடுக்காது என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. 2011இல் சன், கலைஞர் இரண்டும் தி.மு.க. பக்கம், வடிவேலுவின் பிரசாரம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது, முடிவில் தி.மு.க.வுக்கு 23 இடம், எதிர்க்கட்சி அந்தஸ்துகூட விஜயகாந்துக்குப் போய்விட்டது. எங்கள் ஆர்.கே. நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயலலிதா இறந்ததால் வந்த இடைத்தேர்தல் 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடா புகாரால் ரத்தாகி, டிசம்பர் 21க்குப் போனது. வாக்குப்பதிவுக்கு முதல் நாள், மருத்துவமனையில் ஜெயலலிதா இருப்பதாகக் காட்டும் வீடியோ ஒன்றை தினகரன் அணியின் வெற்றிவேல் வெளியிட்டார். கொஞ்ச நேரத்தில் ஏறக்குறைய எல்லாச் செய்திச் சேனலிலும் அதுதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் சம்பந்தமானதை டிவியில் காட்டக் கூடாது என்கிறது, தேர்தல் ஆணையம் நிறுத்தச் சொன்னது, வழக்கும் போட்டார்கள். அதற்குள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றவன் கைபேசியிலும் அது வந்து சேர்ந்திருந்தது. குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வீடியோதான் காரணம் என்று வெளியூர் நிபுணர்கள் பேசினார்கள். இங்கே குடியிருந்தவர்கள் சிரித்தார்கள், ஓட்டுக்குப் பணம் பிறகு தருகிறோம் என்று அடையாளமாக இருபது ரூபாய் நோட்டைக் கொடுத்தார்கள் என்ற டோக்கன் பேச்சு எந்த வீட்டில் வரவில்லை சொல்லுங்கள்.

அரசு ஊடகத்தைப் பற்றிப் பேசாமல் போனால், வானொலியில் உட்கார்ந்துகொண்டு வானொலிக்குப் பயந்தான் என்பீர்கள். இந்திரா காந்தியின் நெருக்கடி நிலையில் ஆல் இந்தியா ரேடியோவை ஆல் இந்திரா ரேடியோ என்று கேலி செய்தார்கள். 1977 பிப்ரவரியில் டெல்லியில் ஜெகஜீவன் ராம் பேசிய எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேரக் கூடாது என்று தூர்தர்ஷனில் வெற்றிப் படம் ஒன்றைப் போட்டார்கள், கூட்டம் அப்படியும் சேர்ந்தது. இன்று அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தேர்தல் ஆணையம் அரசு வானொலியிலும் தூர்தர்ஷனிலும் நேரம் ஒதுக்குகிறது, இலவசம். பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரி, ஃபார்வர்ட் பிளாக்கின் தேவராஜன் இருவர் உரையிலும் சில சொற்களை எடுக்கச் சொன்னார்கள், விதிமுறைப்படிதான் செய்தோம் என்று பிரசார் பாரதி விளக்கம் சொன்னது. 2019இல் வெளியான கணக்கு இன்னும் தெளிவு. அந்தத் தேர்தல் நேரத்து ஒரு மாதத்தில் தூர்தர்ஷன் செய்திச் சேனலும் அதன் மண்டலச் சேனல்களும் பா.ஜ.க.வுக்கு ஏறத்தாழ 160 மணி நேரமும் காங்கிரஸுக்கு 80 மணி நேரமும் கொடுத்திருந்தன, சமமாக நடந்துகொள்ளும்படி ஆணையம் எழுதியது. அரசு ஊடகம் என்பதால் இந்தக் கணக்காவது வெளியே வந்தது. தனியார் சேனலில் யார் எண்ணுகிறார்கள்?

அந்தத் தனியார் சேனலிலும் கட்சிக் கொடி இல்லாதவைதான் எனக்கு உறுத்தல். ஓர் உதாரணம், புதிய தலைமுறையை நடத்தும் எஸ்.ஆர்.எம். குழுமத்தின் நிறுவனர் பாரிவேந்தர் 2019இல் உதயசூரியன் சின்னத்தில் பெரம்பலூரில் ஜெயித்தார், 2024இல் பா.ஜ.க. கூட்டணியில் அங்கேயே நின்று தோற்றார். செய்தி அதற்கேற்ப மாறியது என்று நான் சொல்லவில்லை, பார்த்து அளந்து சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் பார்க்கிறவன் மனதில் அது ஓடாமல் இருக்குமா? சந்தேகம் என்பது சேனல் காட்டுவதால் மட்டும் வருவதில்லை, கல்லூரி, சாராயம், மணல், சினிமா என்று முதலாளிக்கு வேறு தொழில் இருப்பதாலும் வருகிறது, அந்தத் தொழிலுக்கு அனுமதி கொடுப்பது அரசாங்கம் என்பதாலும் வருகிறது.

சாய்வு எங்கே ஒளிந்திருக்கும் என்று கேட்டால், வாசிப்பவர் சொல்வதை விட்டுவிட்டு மற்றதைக் கவனியுங்கள் என்பேன். ஒரு தலைவர் கூட்டம் என்றால் அவரே பேசும் துண்டைப் போடுவார்கள், இன்னொருவருக்குப் படம் ஓட வாசிப்பாளர் குரலில் இரண்டு வரி. ஒருவருக்கு நேரலை, மேடை ஏறியதிலிருந்து இறங்குவது வரை, மற்றவருக்கு அடியில் ஓடும் எழுத்து. இன்னொன்று பலருக்குத் தெரியாது, பெரிய கூட்டங்களில் கட்சியே கேமரா, கிரேன், டிரோன் எல்லாம் வாடகைக்கு எடுத்து, தாங்களே படம்பிடித்து அந்த நேரலையைச் சேனல்களுக்குக் கொடுத்துவிடுகிறது. செலவு மிச்சம், எல்லாரும் வாங்கிப் போடுகிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் கூட்டம் கடல் போல இருக்கும், பின்வரிசை நாற்காலி காலியாக இருக்கிறதா என்று அந்த டிரோன் ஒருநாளும் திரும்பிப் பார்க்காது. அப்புறம் அதே படத்தைப் பத்துச் சேனலில் பார்த்துவிட்டு, பத்துப் பேரும் ஒன்றையே சொல்கிறார்கள், அப்போது உண்மைதான் போல என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

என் கவலை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான். கட்சிக்குக் கட்சி எத்தனை நிமிடம் என்று சண்டை போட ஆள் இருக்கிறார்கள், வக்கீல் இருக்கிறார், ஐடி விங் இருக்கிறது. ஊருக்கு எத்தனை நிமிடம் என்று எண்ண ஒருவரும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் வந்து நின்றது. காட்டுக்குப்பத்திலும் எர்ணாவூரிலும் மீனவர்கள் பக்கெட்டிலும் கையாலும் எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மூச்சு முட்டி ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்த வாரம் எல்லாச் சேனலும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் 2024 ஏப்ரல் 19 தமிழகத்தில் வாக்குப்பதிவு, நாலு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பிரசாரத்தில் நான் பார்த்த வரைக்கும் எண்ணூர் என்ற பெயர் மாலைச் செய்தியில் எப்போதாவதுதான் வந்தது. யார் யாரை என்ன சொல்லித் திட்டினார், அதற்கு இவர் என்ன பதில், கூட்டணியில் யாருக்கு எத்தனை சீட்டு. இத்தனைக்கும் வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள்தான் திருவொற்றியூரும் வருகிறது, அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலினின் கொளத்தூரும் வருகிறது. கேமரா வண்டி கொளத்தூர் வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் எரிஉலை வேண்டாம் என்று ஜனங்கள் தெருவில் நின்றார்கள், அது எந்தக் கட்சிக்கும் சாதகமாக அமையாத செய்தி, அதனால் எந்தக் கட்சி சேனலுக்கும் அது அவசரமில்லை. இந்தச் சாய்வில் எல்லாரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். தி.மு.க. டிவி, அ.தி.மு.க. டிவி, நடுநிலை டிவி, வித்தியாசமே கிடையாது.

புகார் கொடுக்க வழி இல்லாமல் இல்லை. காசு வாங்கிப் போட்ட செய்தி என்று சந்தேகம் வந்தால் ஒவ்வொரு மாவட்டத்திலும் தேர்தல் நேரத்தில் ஊடகக் கண்காணிப்புக் குழு இருக்கும், சென்னைக்கு மாநகராட்சி ஆணையர்தான் மாவட்டத் தேர்தல் அதிகாரி, ரிப்பன் மாளிகைக்கு எழுதலாம். செய்தியே தப்பு, ஒருதலைப்பட்சம் என்றால் முதலில் அந்தச் சேனலுக்கு எழுத வேண்டும், ஒளிபரப்பான 7 நாளுக்குள். அவர்கள் பதில் திருப்தி இல்லையென்றால் செய்தி ஒளிபரப்பாளர்கள் தாங்களே வைத்திருக்கும் தர ஆணையத்துக்குப் போகலாம், அதுவும் அந்தச் சேனல் உறுப்பினராக இருந்தால்தான். தேதி, நேரம், என்ன காட்டினார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், "இவன் அந்தக் கட்சிக்காரன்" என்று மட்டும் எழுதினால் குப்பைக்கூடைதான். ஆனால் இத்தனை விண்ணப்பத்திலும், காட்டாமல் விட்டதைப் பற்றி எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. அதற்கு ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது. தேர்தல் தேதி அறிவித்ததும் உங்கள் தெரு நூலகத்திலோ மன்றத்திலோ பிள்ளைகள் நாலு பேரை உட்காரவைத்து, ஆளுக்கொரு சேனல், மாலை ஏழு மணிச் செய்தி மட்டும், என்ன விஷயத்துக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை அதை அந்தந்தச் சேனலின் பகுதி நிருபருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நம் பகுதியில் அவர்கள் எண் இல்லாத டீக்கடை கிடையாது. அந்த நிருபரும் பாவம், எண்ணூரிலிருந்து சென்ட்ரல் வரை ஒற்றை ஆளாக வண்டியில் அலைகிறவர்தான், அவர் அனுப்பிய படம் அலுவலகத்தில் வெட்டப்பட்டிருக்கும். அந்த நோட்டை ஆசிரியரிடம் காட்ட அவருக்கும் உதவும். வேட்பாளர் ஓட்டு கேட்டு வரும்போது அதையே அவர் முன்னாலும் வைக்கலாம், கேமராவும் கூடவே வந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.