இருபது மைல் தாண்டித் திரும்பிய கார்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

பெண் புகைப்படக் கலைஞர்களின் படங்கள் நம் மனத்தை விட்டுப் போகாமல் நிற்கக் காரணம் அவர்களுடைய துணிச்சலா, பொறுமையா? இதுதான் இன்றைய தலைப்பு. பொறுமையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி கெர்டா டாரோவைப் பற்றிச் சொன்னார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் படமெடுக்கப் போய், 1937 ஜூலையில் புருனேட்டே போர்முனையில் அடிபட்டு, 26 வயதில் இறந்தவர். அந்தப் பெண்ணின் துணிச்சலைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் தோழி கூடவே இன்னொன்றும் சொன்னார். பொறுமை பெண்ணுக்குப் பிறவிக் குணமாம், அதைப் போய்ப் பாராட்டுவானேன் என்றார். நடுவர் அவர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வாய் திறக்காமல் பொறுத்துப் போவது வேறு, குறி வைத்துக் காத்திருப்பது வேறு. முட்டப் போகும் கிடா பின்வாங்குவது பயந்தா?

ஹோமாய் வியாரவாலாவையும் தம் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். நவ்சாரியில் 1913இல் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். புடவையைக் கட்டிக்கொண்டு, கனத்த கேமராவோடு டெல்லித் தெருக்களில் சைக்கிள் மிதித்தவர். துணிச்சல் இல்லாமலா? சரி. ஆனால் அவர் காலமெல்லாம் வருந்திய நாள் எது தெரியுமா? 1948 ஜனவரி 30. காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பியவர், கணவர் கூப்பிட்டதால் பாதியில் திரும்பிவிட்டார். அன்று அவரிடம் துணிச்சல் குறைந்துவிட்டதா? துளியும் இல்லை. அந்த இடத்தில் அவர் இல்லை, அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் இருந்தார். டெல்லியில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தார். அதனால்தான் நேரு தங்கை விஜயலட்சுமி பண்டிட்டைக் கட்டிக்கொள்ளும் அந்தக் கணம் நமக்குக் கிடைத்தது.

கேமராவைக் கண்டதும் நம் முகம் என்ன ஆகிறது? கல்யாண வீட்டில் பாருங்கள். அதுவரை ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்த பெரியம்மா, போட்டோக்காரர் வந்ததும் முந்தானையை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக் கல்லாகிவிடுவார். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றால் இன்னும் இறுகிப்போவார். அவருடைய நிஜ முகம் வேண்டுமா? போட்டோக்காரர் அங்கேயே கிடக்க வேண்டும். பந்தியில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, கேமரா இருப்பதே பெரியம்மாவுக்கு மறந்துபோகும்வரை கிடக்க வேண்டும்.

அப்படிக் கிடந்தவர்தான் மேரி எலன் மார்க். அமெரிக்கர். மும்பை ஃபாக்லாந்து ரோட்டுக்கு முதலில் வந்தது 1968இல். பாலியல் தொழில் செய்யும் பெண்கள் வாழ்ந்த தெரு. கேமராவைத் தூக்கினால் குப்பையும் தண்ணீரும் வந்து விழும், கூடவே வசவும். ஊர் திரும்பினார், மறுபடி வந்தார், மறுபடி விரட்டினார்கள். பத்து ஆண்டுகள் இப்படியே போயின. 1978 அக்டோபரில் வந்தவர், இந்த முறை நாள் தவறாமல் அந்தத் தெருவில் போய் நின்றார். விரட்டினாலும் மறுநாள் அதே இடத்தில் நின்றார். கடைசியில் அந்தப் பெண்களே ஒவ்வொருவராகப் பழகினார்கள், தங்கள் அறைக்குள் அனுமதித்தார்கள். அந்தத் தெருவுக்குள் போவதே துணிச்சல்தானே என்று எதிரணி கேட்கும். ஆமாம், முதல் நாள் போனது துணிச்சல். அந்தத் துணிச்சலுக்குக் கிடைத்தது தலையில் குப்பை. படம் கிடைத்தது பத்து ஆண்டு கழித்து.

அப்புறம் டோரதியா லாங். அவருடைய உலகப் புகழ்பெற்ற படம் பத்தே நிமிடத்தில் எடுத்ததுதானே, அதில் எங்கே பொறுமை என்று மடக்கினார்கள். நல்ல கேள்வி. 1936 மார்ச், கலிபோர்னியா. ஒரு மாதம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, மழையில் வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டிருக்கிறார். ஏழு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் பாதிக்கப்பட்டவர். நிபோமோ என்ற இடத்தில், பட்டாணி பறிப்பவர்கள் முகாம் என்று ஒரு பலகை. பார்த்தார், தாண்டிப் போய்விட்டார். இருபது மைல் போனார். மனம் கேட்கவில்லை, வண்டியைத் திருப்பினார். பனியில் பயிர் அழிந்து, வேலை இல்லாமல் பட்டினியில் கிடந்த முகாம் அது. அங்கே 32 வயதுத் தாய் ஒருத்தி, பிள்ளைகளோடு. முதல் படத்தில் கூடாரம் முழுதும் தெரிகிறது. அடுத்ததில் இன்னும் கிட்டே, அதற்கடுத்ததில் இன்னும் கிட்டே. கடைசிப் படத்தில் இரண்டு பிள்ளைகள் தாயின் தோளில் முகம் புதைத்திருக்க, மடியில் கைக்குழந்தை, கன்னத்தில் வைத்த கை, எங்கோ பார்க்கும் கண். அங்கே எடுத்த படங்கள் செய்தித்தாளில் வந்ததும் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவு போனது. பத்து நிமிடத்தைக் கணக்குப் பார்க்கும் எதிரணி, அந்த இருபது மைலையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

ஆனால் அந்தத் தாய் ஃப்ளாரன்ஸ் தாம்சனுக்கு அந்தப் படத்தின் மேல் மனக்குறை இருந்தது. 1978இல் சொன்னார்: என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, பிரதி அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை. லாங்கை மதிக்கிற எனக்கு இதைச் சொல்ல வலிக்கிறது. ஆனாலும் மறைக்க மாட்டேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்திருந்தால் இந்தக் குறை வந்திருக்காது.

மணி அடித்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு படம், நடுவர் அவர்களே.

1983, சியாட்டில் நகரம். வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்த பிள்ளைகளை மார்க் படமெடுக்கிறார். அதில் எரின் பிளாக்வெல் என்ற 13 வயதுச் சிறுமி, தெருவில் அவள் பெயர் டைனி. கறுப்பு உடை, முகத்தை மறைக்கும் வலை வைத்த தொப்பி, கையைக் கட்டிக்கொண்டு பெரிய மனுஷி போல நிற்கிறாள். இந்தப் படத்தோடு மார்க் போய்விடவில்லை. டைனி தாயானாள், பத்துப் பிள்ளைகள் பெற்றாள், போதையில் விழுந்தாள், எழுந்தாள். முப்பது ஆண்டுகள் மார்க் திரும்பத் திரும்ப அவளிடம் போய்க்கொண்டே இருந்தார். 2015இல் மார்க் இறந்த பிறகுதான் அந்தப் பயணம் நின்றது.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.